தேஜஸின் இறக்கையும் கணபதிப் பட்டறையும்

2025 ஜூலையில், தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானத்துக்கான முதல் இறக்கைத் தொகுதியை எல் அண்ட் டி நிறுவனம் கோவையில் உள்ள தன் வளாகத்திலிருந்து எச்.ஏ.எல். என்ற பொதுத்துறை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதே விமானத்தில் என்ஜினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் பகுதியை எங்கள் ஊரின் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் செய்து தருகிறது. விமானத்தின் நடு உடற்பகுதி ஐதராபாத்திலிருந்து வெம் டெக்னாலஜீஸ் வழியாக வருகிறது. வால் பகுதியின் நிமிர்ந்த துடுப்பை டாடா நிறுவனம் செய்கிறது. நூற்பாலை இயந்திரங்களுக்குப் பேர்போன ஒரு நிறுவனம் போர் விமானத்தின் உடற்பாகத்தைச் செய்து கொடுப்பதும், சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018இல் வந்து சேர்ந்த தேஜஸ் படைப்பிரிவின் விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் பறந்து செல்வதும், கோவையில் பொறியியல் தொழிலை நம்பி வாழ்கிறவர்களுக்கு மிகுந்த பெருமை தரும் செய்திகள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்த இறக்கைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பாகங்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றைச் செய்கிறவர்கள் அடுத்த ஆண்டும் இதே தொழிலில் இருப்பார்களா என்ற கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

கோவையின் கணபதி பகுதியில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பம்பு உதிரிபாகங்களிலும் நூற்பாலை உதிரிபாகங்களிலும் தொடங்கிய பட்டறை அது. இப்போது விமானங்களுக்கும் ராணுவத் தளவாடங்களுக்கும் பிராக்கெட், புஷ், பின் போன்ற சிறு பாகங்களைச் செய்கிறது. எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனம் முதல் அடுக்கு என்றால், அதற்கு இறக்கையையும் உடற்பகுதியையும் முழுத் தொகுதியாகச் செய்து தரும் பெரிய தனியார் நிறுவனங்கள் இரண்டாம் அடுக்கு. அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் எங்களைப் போன்றவர்கள் மூன்றாம் அடுக்கு. அரசும் தொழில்துறையும் சேர்ந்து பாதுகாப்புத் துறையை வலுப்படுத்த வேண்டும் என்று பேசும்போது மேடையில் இருப்பவர்கள் முதல் இரண்டு அடுக்கினர். இந்த ஒத்துழைப்பு நிலைக்குமா என்பதோ மூன்றாம் அடுக்குக்கு ஆர்டர் விட்டுப்போகாமல் வருகிறதா, ஆய்வு நேரத்துக்கு முடிகிறதா, செய்த வேலைக்குப் பணம் சொன்ன நாளில் வருகிறதா என்பதைப் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவின் விமானத் தொழில் அரசும் தனியாரும் சேர்ந்து தொடங்கிய ஒன்று என்பது இன்று அதிகம் பேசப்படுவதில்லை. 1940இல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் சமஸ்தானமும் சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனமே இன்றைய எச்.ஏ.எல். நிறுவனத்தின் வேர். உலகப் போர் நெருங்கி வந்த 1942இல் வால்சந்தின் பங்குகளை அரசு வாங்கிக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு 1948, 1956 ஆகிய ஆண்டுகளின் தொழிற்கொள்கைத் தீர்மானங்கள் ஆயுத உற்பத்தியை அரசின் கையில் மட்டும் வைத்தன. அந்தக் காலத்து உலக நிலையில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும், திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்ததும், வெள்ளையர் காலத்தில் தொடங்கிய அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை தொடர்ந்து இயங்கியதும் அந்த முடிவின் பலன்கள்தான். அங்கே பயின்ற டர்னர்களும் வெல்டர்களும் கருவி செய்பவர்களும் ஓய்வு பெற்ற பிறகு தனியார் பட்டறைகளுக்கு வந்து கற்றுக்கொடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே பொதுத்துறையைக் குறை சொல்லித் தனியாரைப் புகழும் கட்டுரையை என்னால் எழுத முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. வடிவமைப்பு ஒரு துறையிடம், உற்பத்தி இன்னொரு துறையிடம், வாங்கும் முடிவு மூன்றாவது துறையிடம் என்று பிரிந்து கிடந்தன; வெளியே இருந்த தொழில்துறைக்கு இந்த மூன்றிலும் பேச இடமில்லை. 2001இல் தனியாருக்கு இந்தத் துறை திறந்துவிடப்பட்டது. அந்நிய முதலீட்டுக்கு 26 சதவீதம் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. அது 2020இல், அரசின் முன் அனுமதி தேவைப்படாத நேரடி வழியில் 74 சதவீதமாக உயர்ந்தது. 2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 தொழிற்சாலைகளும் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் தலைமையகம் ஆவடியில் இருக்கிறது. தொழிலாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்த மாற்றம் அது. வேலைப் பாதுகாப்பு குறித்த அவர்களுடைய கவலை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். அதே நேரத்தில், ஒரு தொழிற்சாலை தன் கணக்கைத் தானே பார்த்து, தன் சப்ளையரைத் தானே தேர்ந்து, வெளிநாட்டு ஆர்டரைத் தானே தேடிச் செல்லும் நிலை வந்தது நல்லது என்றும் நினைக்கிறேன்.

இவற்றின் விளைவைக் காட்ட எல்லோரும் சொல்லும் எண்கள் உண்டு. 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடி ரூபாயாக உயர்ந்தது. அதில் 15,233 கோடி தனியார் துறையின் பங்கு. உள்நாட்டு உற்பத்தி 2024-25இல் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. ஆனால் அந்த ஆண்டு உற்பத்தியில் தனியாரின் பங்கு நான்கில் ஒன்றைக்கூட எட்டவில்லை. இந்த ஒன்றரை லட்சம் கோடியில் எவ்வளவு மூன்றாம் அடுக்கு வரை இறங்கி வந்தது என்பதை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டிய எண் அதுதான்.

ஆர்டர் விட்டுப்போவதால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தின் கதையைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1981இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் ஆனது. இரண்டு அங்கிருந்து வந்தன, மற்ற இரண்டும் மும்பையிலேயே கட்டப்பட்டன. ஐ.என்.எஸ். ஷால்கி 1992இலும் ஐ.என்.எஸ். ஷங்குல் 1994இலும் கடற்படையில் சேர்ந்தன. நீர்மூழ்கியின் அழுத்த உடற்கூட்டை வெல்டிங் செய்வது சாதாரணக் கப்பல் வேலை அல்ல. அதைச் செய்யத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றிதழும் பெற்றவர்கள் உருவாகியிருந்தார்கள். அடுத்த ஆர்டர் வரவில்லை. பிரான்ஸ் நிறுவனத்தோடு ஸ்கார்பீன் வகைக் கப்பல்களுக்கு 2005இல் ஒப்பந்தம் ஆகும்வரை அந்தக் கூடம் காத்திருந்தது. பழகிய கைகள் கலைந்துபோய்விட்டன. எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. முதல் ஸ்கார்பீன் கப்பலான கல்வரி கடற்படையில் சேர்ந்தபோது 2017 டிசம்பர் ஆகிவிட்டது. ஆறாவதும் கடைசியுமான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது. ஒரு முறை கலைந்த கைகளை மறுபடியும் கலைய விடக் கூடாது என்பதே என் அச்சம்.

கே9 வஜ்ரா பீரங்கியின் கதை இதைவிட அண்மையது. தென்கொரியத் தொழில்நுட்பத்தில் 100 பீரங்கிகளுக்கு 2017இல் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு ஆர்டர் கிடைத்தது. குஜராத்தின் ஹசீராவில் கட்டி, குறித்த காலத்துக்கு முன்பே 2021 பிப்ரவரியில் கடைசிப் பீரங்கியையும் அவர்கள் ஒப்படைத்தார்கள். இந்தியப் பாதுகாப்புத் துறையில் குறித்த காலத்துக்கு முன்பே முடிந்த பெரிய திட்டம் என்பது அரிதிலும் அரிது. அடுத்த 100 பீரங்கிகளுக்கான ஒப்பந்தம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகளை ஒரு பெரிய நிறுவனம் வேறு தொழில்களின் வருமானத்தில் தாங்கிக்கொள்ளும். அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு நிறுவனம் என்ன செய்யும்? அந்த வேலைக்கென்று கடன் வாங்கிய இயந்திரத்துக்கு மாதத் தவணை நிற்காது. பட்டறை வேறு வேலைக்குப் போகும், ஆட்கள் வேறு பட்டறைக்குப் போவார்கள், அந்தப் பாகத்தைப் பிடித்து நிறுத்தவென்று செய்த ஜிக், ஃபிக்ஸ்சர் எல்லாம் மூலையில் துருப்பிடிக்கும். மூன்று வருடம் தரிசாக விட்ட தோட்டத்தில் முதல் வெள்ளாமை எப்படி இருக்குமோ, அப்படித்தான் திரும்பி வந்த ஆர்டரின் முதல் தொகுதியும் இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. திருச்சி பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையைச் சுற்றித் துவாக்குடியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் எழுந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் ஒரு தலைமுறைக்கு வேலை கொடுத்தன. வெல்டிங்கில் அவற்றுக்கு ஈடான ஊர் தென்னிந்தியாவில் இல்லை என்று சொல்லும் அளவுக்குத் திறமை வளர்ந்திருந்தது. அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்த பத்தாண்டுக்குள் அவற்றில் பல நலிந்தன, பல மூடப்பட்டன. ஒரே ஒருவரை மட்டும் நம்பித் தொழில் செய்தால், அவர் வாங்குவதை நிறுத்தும் நாளில் நம்மால் செய்ய முடிந்தது எதுவும் இருக்காது. பாதுகாப்புத் துறையில் உள்நாட்டில் வாங்குபவர் எப்போதும் ஒருவர்தான். அது மத்திய அரசு. எனவே அந்த ஒருவர் தன் தேவையை முன்கூட்டியே சொல்வது தொழில்துறைக்குச் செய்யும் சலுகை ஆகாது. அது அவருடைய சொந்தப் பாதுகாப்புக்கான முதல் ஏற்பாடு.

இந்த வகையில் அண்மை ஆண்டுகளில் சில நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. எந்தெந்தத் தளவாடங்களை இனி இறக்குமதி செய்வதில்லை என்ற பட்டியல்களைப் பாதுகாப்பு அமைச்சகம் 2020 ஆகஸ்ட் முதல் வெளியிடத் தொடங்கியது. முதல் பட்டியலில் 101 இனங்கள் இருந்தன. ஐந்து பட்டியல்களில் அது 509 ஆனது. 2023-24இல் மூலதனக் கொள்முதல் நிதியில் 75 சதவீதம் உள்நாட்டுத் தொழில்துறைக்கு என்று ஒதுக்கப்பட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் கையேடு, உள்நாட்டில் முதன்முதலாக உருவாக்கப்படும் பொருட்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை ஆர்டர் உறுதி தர இடமளிக்கிறது. பொருளை உருவாக்கிச் சோதிக்கும் கட்டத்தில் தாமத அபராதம் பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டு விதிகளையும் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. புதிய பாகத்தை முதன்முறை செய்யும்போது இரண்டு மூன்று தொகுதிகள் வீணாவது இயல்பு என்பதைத் தொழில் தெரிந்த யாரோ அந்தக் கையேட்டில் எழுத வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த உறுதி முதல் இரண்டு அடுக்குகளோடு நின்றுவிடுகிறது. பெரிய நிறுவனத்துக்கு ஐந்தாண்டு ஆர்டர் உறுதி கிடைத்தாலும், அது எங்களுக்குத் தருவது மூன்று மாத பர்ச்சேஸ் ஆர்டர்தான்.

ஒரு சிறு பாகம் எப்படி உருவாகிறது என்பதைச் சொன்னால் நான் எதைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்பது விளங்கும். உள்ளங்கை அளவுள்ள ஓர் அலுமினிய பிராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான உலோகக் கட்டி வரும்போதே அது எந்தத் தொகுதியில் உருக்கப்பட்டது என்று காட்டும் ஹீட் நம்பர் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணுக்குரிய சோதனைச் சான்றிதழில் வேதிக் கலவையும் இழுவை வலிமையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டியை வெட்டும்போது வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் அதே எண்ணை மாற்றி எழுதுகிறோம். மீதித் துண்டுக்கும் எழுதுகிறோம். கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் குடையும் வி.எம்.சி. இயந்திரத்தில் அது வடிவம் பெறுகிறது. முதலில் வரும் ஒரே ஒரு பாகத்தை எடுத்து, டிராயிங்கில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் வரிசை எண் போட்டு, நுண்ணளவு எடுக்கும் சி.எம்.எம். இயந்திரத்தில் அளந்து, கிடைத்த அளவை எதிரே எழுதி, முதல் பாக ஆய்வு அறிக்கையாகத் தயாரிக்கிறோம். ஒரு துளையின் விட்டத்தில் அனுமதிக்கப்பட்ட வேறுபாடு தலைமுடியின் தடிமனில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. கோவை வெயிலில் மதியம் அளந்தால் ஓர் அளவும் காலையில் அளந்தால் இன்னோர் அளவும் வரும் என்பதால், அளக்கும் அறைக்கு எப்போதும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். இதற்குப் பிறகு அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் அனோடைசிங், பெயிண்டிங் போன்ற வேலைகள். அவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். அந்த இடத்தின் அங்கீகாரம் அந்தத் தேதியில் நடப்பில் இருக்க வேண்டும். எல்லாம் முடியும்போது பாகத்தின் எடையைவிட அதனோடு போகும் காகிதத்தின் எடை கூடுதலாக இருக்கும்.

அந்தக் காகிதங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பாகம் பறக்கும்போது உடைந்தால், அது எந்தக் கட்டியிலிருந்து வெட்டப்பட்டது, அதே கட்டியிலிருந்து வெட்டப்பட்ட மற்றவை எந்தெந்த விமானங்களில் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க அதைவிட வேறு வழியில்லை. விமானியின் உயிர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் ஆய்வாளர் வருவதற்கு எடுக்கும் காலம் வேறு விஷயம். தரத்தை ஆய்வு செய்ய ராணுவத் தளவாடங்களுக்கு டி.ஜி.க்யூ.ஏ., விமானப் பாகங்களுக்கு டி.ஜி.ஏ.க்யூ.ஏ., புதிய வடிவமைப்பு பறக்கத் தகுதியானதா என்று சான்றளிக்கப் பெங்களூரின் செமிலாக் என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஆட்கள் குறைவு, வேலை அதிகம். நாங்கள் முன்பு வேலை செய்து கொடுத்த ஒரு பெரிய நிறுவனத்துக்காகத் தயாரான தொகுதி ஒன்று, பாகத்தில் எந்தக் குறையும் இல்லாத நிலையில், இறுதி ஆய்வுக்கு ஆள் வராமல் பெட்டியோடு வாரக்கணக்கில் எங்கள் ஸ்டோரில் கிடந்தது. ஆய்வு முடியாமல் பில் போட முடியாது; பில் போடாமல் பணம் கேட்க முடியாது. உள்ளே போட்ட உலோகத்தின் விலையும் ஆட்களின் சம்பளமும் எங்கள் ஓவர்டிராஃப்டில் வட்டியாக ஏறிக்கொண்டிருந்தன.

சோதனை வசதிகளைப் பெருக்க அரசு எடுத்த முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2020இல் 400 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டம். செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு மானியமாகத் தரும். மீதியைத் தொழில் நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்து போட்டு, தனி நிறுவனம் அமைத்து நடத்த வேண்டும். தமிழ்நாட்டில் ஆளில்லா விமானங்களுக்கும், மின்னணுப் போர்முறைக் கருவிகளுக்கும், ஒளியியல் கருவிகளுக்குமான சோதனைக்கூடங்களுக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆளில்லா விமானச் சோதனைக்கூடத்தில் முன்னணிப் பங்கு கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்துக்கு. அறிவித்த ஆண்டுக்கும் கையெழுத்தான ஆண்டுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் போனது வருத்தம்தான். ஆனாலும் வடிவம் சரியானது. கோவைக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு புரியாத ஒன்றல்ல. பம்பும் மோட்டாரும் செய்யும் சிறு தொழில்கள் தனித்தனியே சோதனைக்கூடம் வைக்க முடியாது என்பதால், தொழில்துறையினர் முன்னின்று சிட்டார்க் என்ற பொதுச் சோதனை மையத்தை இங்கே உருவாக்கினார்கள். அதன் சான்றிதழ் இல்லாவிட்டால் கோவைப் பம்பு வடநாட்டுச் சந்தைகளில் இவ்வளவு தூரம் போயிருக்காது. விமானப் பாகங்களுக்கும் அதுபோல, உலோகச் சோதனை, வெப்பச் சிகிச்சை, அனோடைசிங் ஆகிய மூன்றையும் அங்கீகாரத்தோடு செய்து தரும் ஒரு பொதுக்கூடம் கோவைக்கும் ஓசூருக்கும் சேலத்துக்கும் இடையில் எங்காவது வர வேண்டும். இப்போது பல பட்டறைகள் இந்த வேலைகளுக்காகப் பெங்களூருக்கு லாரி ஏற்றி அனுப்புகின்றன.

2018 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடம் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைக்கிறது. மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ அதைப் பார்த்துக்கொள்கிறது. மாநில அரசு 2022இல் வெளியிட்ட வான்வெளி மற்றும் பாதுகாப்புத் தொழிற்கொள்கை, பத்து ஆண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒரு லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. மத்தியிலும் மாநிலத்திலும் வெவ்வேறு கட்சிகள் ஆளும்போதும் இந்த ஒரு விஷயத்தில் பணி தொடர்கிறது என்பதை மனதாரப் பாராட்டுகிறேன். கோவையில் சிறு தொழில் அமைப்பான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் ராணுவத்தின் தேவைகளைச் சிறு தொழில் முனைவோரிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில் தொடங்கிவைக்கப்பட்ட ஐடெக்ஸ் திட்டம், புதிய யோசனையோடு வரும் இளம் நிறுவனங்களுக்கு நிதி உதவி தருகிறது. மாதிரி தயாரான பிறகு ராணுவம் அதை எண்ணிக்கையில் வாங்குமா என்பதுதான் அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. மானியம் வாங்கி மாதிரி செய்துவிட்டு, ஆர்டர் வராமல் நிற்கும் இளைஞர்களிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்களுக்கு நிலமும் மானியமும் இனி தேவையில்லை, வாங்குபவர் ஒருவர் போதும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்துக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024-25 வரிக் கணக்கீட்டு ஆண்டு முதல் வந்துவிட்டது. பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்ற ஆணையும் இருக்கிறது. விதிகளுக்குக் குறைவில்லை. பணம் கேட்டு வழக்குப் போடும் பட்டறைக்கு அடுத்த ஆர்டர் வராது என்பதால், அந்த விதிகளை யாரும் பயன்படுத்துவதில்லை. அரசு ஒன்று செய்யலாம்: பெரிய நிறுவனத்துக்கு ஒவ்வொரு கட்டத் தொகையை விடுவிக்கும் முன், அதன் கீழுள்ள சிறு நிறுவனங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்த விவரத்தைக் கேட்கலாம். முன்பணம் பெரிய நிறுவனத்துக்குத் தாராளமாகத் தரப்படுகிறது. அதில் ஒரு பங்கு கீழே இறங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினாலே பாதிக் கவலை தீரும்.

எங்கள் பக்கத்துக் கடமைகளையும் மறைக்க விரும்பவில்லை. விலை குறைவு என்பதற்காகச் சான்றிதழ் இல்லாத உலோகத்தை வாங்கும் பட்டறை, பாதுகாப்புத் துறைக்குள் காலே வைக்கக் கூடாது. 2025 தொடக்கத்தில், சீனப் பாகங்கள் இருப்பது தெரிந்து, 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது. அந்த முடிவு முழுக்கச் சரி. வெளியே இந்திய முத்திரையும் உள்ளே வெளிநாட்டுச் சிப்பும் உள்ள ஒரு கருவி, எல்லையில் நிற்கும் ஒரு ஜவானின் கையில் போய்ச் சேருகிறது என்பதை வணிகக் கணக்கு போடுபவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் செலவழிக்கத் தயங்குவதும் உண்மை. வெளிநாட்டு டிராயிங்கை வாங்கி இங்கே கோத்துக் கொடுப்பதை மட்டும் உள்நாட்டு உற்பத்தி என்று சொல்லி நாம் திருப்தி அடைய முடியாது.

தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களே அதற்குச் சான்று. 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. 2024இல் தொடங்கியிருக்க வேண்டிய ஒப்படைப்பு தள்ளிப்போனதற்கு ஒரு முக்கியக் காரணம், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்404 என்ஜின்கள் வராததுதான். முதல் என்ஜின் 2025 மார்ச்சில் வந்து சேர்ந்தது. இறக்கையும் உடற்பகுதியும் நம் கையில் இருக்க, இதயம் மட்டும் இன்னொருவர் கையில் இருந்தது. நம்முடைய காவேரி என்ஜின் திட்டம் 1989இல் அனுமதி பெற்று, 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. 2025 மே மாதம் தொழில்துறையினர் கூட்டம் ஒன்றில் பேசிய விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங், குறித்த காலத்தில் முடிந்த ஒரு திட்டத்தைக்கூடத் தன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றும், முடியாத தேதிக்கு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் வெளிப்படையாகவே கேட்டார். வாங்குபவரே அரங்கத்தில் நின்று அப்படிக் கேட்பது சங்கடமாக இருந்தாலும், ஒத்துழைப்பு என்றால் இப்படிப் பேச முடிகிற ஒத்துழைப்பாக இருப்பதே நல்லது.

வடிவமைப்பிலிருந்தே சேர்ந்து வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஏடாக்ஸ் பீரங்கி நல்ல உதாரணம். 2013இல் அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. தொடங்கிய அந்தத் திட்டத்தில் பாரத் ஃபோர்ஜ், டாடா ஆகிய இரண்டு தனியார் நிறுவனங்களும் வளர்ச்சிக் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. இரண்டும் தனித்தனியே மாதிரிகளைச் செய்து சோதித்தன. 48 கிலோமீட்டர் தொலைவுக்குச் சுட்டுக் காட்டினார்கள். 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் ஆனபோது, எண்ணிக்கை இரண்டு நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தது அதிகம்தான். ஆனால் விலை குறைவாகக் கேட்ட ஒருவருக்கு மட்டும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மற்றவரைக் கைவிடும் பழைய டெண்டர் வழக்கத்திலிருந்து விலகி நின்ற முடிவு அது. 1987இல் போஃபர்ஸ் பீரங்கி ஊழல் வெடித்த பிறகு, கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போட அதிகாரிகள் அஞ்சிய காலம் நெடுநாள் நீடித்தது. எல்-1 என்ற குறைந்த விலை விதி அவர்களுக்குக் கவசமாக இருந்தது. தணிக்கைக்கு அஞ்சாமல் நியாயமான முடிவெடுக்கும் அதிகாரிக்கு நிறுவனப் பாதுகாப்பு தருவதும் இந்த ஒத்துழைப்பின் ஒரு பகுதிதான்.

அடுத்து வருவது ஆம்கா என்ற விமானம். இந்த ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத்தின் மாதிரிகளை உருவாக்க 2024 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது; 2025 மே மாதத்தில், எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு இணையாகத் தனியாரும் போட்டியிடலாம் என்ற செயல்பாட்டு முறைக்கு பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அனுமதி தந்தார். யார் வென்றாலும் அந்த விமானத்தின் பிராக்கெட்டும் புஷ்ஷும் கோவையிலோ ஓசூரிலோ பெங்களூரிலோ ஏதோ ஒரு பட்டறையில்தான் செய்யப்படும். அதற்கான ஒப்பந்தம் எழுதப்படும்போது, வெல்லும் நிறுவனம் தன் மூன்றாம் அடுக்கு சப்ளையர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்றும், தனக்குக் கிடைக்கும் ஆர்டர் உறுதியை அதே ஆண்டுகளுக்கு அவர்களுக்கும் தர வேண்டும் என்றும், ஆய்வுக்கு அழைத்த நாளிலிருந்து குறித்த நாட்களுக்குள் ஆய்வாளர் வராவிட்டால் மூன்றாம் தரப்பு ஆய்வை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், 45 நாட்களில் பணம் போனதற்கான சான்றை ஒவ்வொரு கட்டத் தொகைக்கும் முன் காட்ட வேண்டும் என்றும் நான்கு விதிகளைச் சேர்க்கும்படி கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள் இப்போதே அமைச்சகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால், அடுத்த விமானம் வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள்.